ஒப்பந்தம் இல்லாத சந்திப்புகள்: ரசிகர்களின் கார்ட்டூன் கிராஸ்ஓவர் காணொளிகளை எப்படி மதிப்பிடுவது?

ஒரு கார்ட்டூன் படத்தின் பாத்திரத்தை இன்னொரு படத்தின் பாத்திரத்தோடு சந்திக்க வைத்து, ரசிகர்கள் வீட்டுக் கணினியில் தொகுத்து வெளியிடும் காணொளிகள் இருபது ஆண்டுகளாக யூடியூபில் குவிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லப்படுபவை பெரும்பாலும் இரண்டே வகை. பாத்திரத்தின் தலைமுடி ஓரத்தில் பழைய படத்தின் பின்னணி ஒட்டிக்கொண்டிருக்கிறது, உதட்டசைவு வசனத்தோடு பொருந்தவில்லை என்று சுட்டிக்காட்டிச் சிரிப்பது ஒரு வகை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆசைக்குச் செய்தது, இதில் குற்றம் காண என்ன இருக்கிறது என்று தட்டிக்கொடுத்துவிட்டு நகர்வது இன்னொரு வகை. முதல் வகையினர் கோடிக்கணக்கான டாலர் செலவழிக்கும் ஸ்டூடியோவின் அளவுகோலை எடுத்துவருகிறார்கள். இரண்டாம் வகையினர் அளவுகோலே வேண்டாம் என்கிறார்கள். இருவருமே படைப்பைச் சரியாகப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம். ஸ்டூடியோக்கள் நடத்தும் சந்திப்புக்கு முன்னால் ஒப்பந்தம் இருக்கிறது. யார் எவ்வளவு நேரம் திரையில் நிற்பது, யார் யாரிடம் தோற்கலாம் என்பதெல்லாம் கதைக்கு முன்பே முடிவாகிவிடும். ரசிகருக்கு அந்தக் கட்டு இல்லை. கிடைத்த விடுதலையை அவர் என்ன செய்தார் என்பதே இந்தக் காணொளிகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்பது அதற்கு வெகு பின்னால் வரும் கேள்வி.

ஒப்பந்தம் என்ன செய்யும் என்பதற்கு 1988-இல் வந்த 'ஹூ ஃப்ரேம்ட் ராஜர் ராபிட்' நல்ல சான்று. ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கிய அந்தப் படம் டிஸ்னியின் பாத்திரங்களையும் வார்னர் பிரதர்ஸின் பாத்திரங்களையும் ஒரே திரையில் கொண்டுவந்தது. மிக்கி மவுஸும் பக்ஸ் பன்னியும் சேர்ந்து வரும் காட்சியில் இருவருக்கும் சரிசமமான நேரம் கிடைக்க வேண்டும் என்பது பேசி முடித்த நிபந்தனை. அதனால் உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கும் துப்பறிவாளரின் இருபக்கமும் இரண்டு பேரும் பாராசூட்டில் இறங்கி, ஆளுக்குச் சில வாக்கியங்கள் பேசிவிட்டுப் போகிறார்கள். காட்சி கச்சிதமானது, வேடிக்கையானது. ஆனால் மிக்கியின் அடக்கமான நல்ல பிள்ளைத்தனமும் பக்ஸின் குறும்பும் ஒன்றோடொன்று மோதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அது தொடவில்லை. டொனால்டும் டாஃபியும் பியானோ முன்னால் உட்கார்ந்து ஒருவரையொருவர் மிஞ்சப் பார்க்கும் காட்சி இதைவிட ஒரு படி மேல், ஏனென்றால் இரண்டு முன்கோபிகளின் கோபம் எப்படி வேறுபடுகிறது என்பது அங்கே கொஞ்சமாவது தெரிகிறது. அதுவும் யாரும் வெல்லாமல், யாரும் தோற்காமல் முடிந்துவிடுகிறது.

இது நல்ல உதாரணம். மோசமான உதாரணம் 1990 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் சேர்ந்து ஒளிபரப்பிய 'கார்ட்டூன் ஆல்-ஸ்டார்ஸ் டு தி ரெஸ்க்யூ' என்ற போதை எதிர்ப்புச் சிறப்புப் படம். கார்ஃபீல்ட், வின்னி த பூ, பக்ஸ் பன்னி, ஸ்மர்ஃபுகள், நிஞ்ஜா ஆமைகளில் ஒன்றான மைக்கலாஞ்சலோ எல்லோரும் அதில் உண்டு. போட்டி நிறுவனங்கள் தங்கள் சொத்தை ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்த அபூர்வ நிகழ்வுதான். ஆனால் எல்லோரும் ஒரே குரலில் ஒரே அறிவுரையைச் சொல்கிறார்கள். சோம்பேறிப் பூனையான கார்ஃபீல்டுக்கும் தேன் தேடி அலையும் பூவுக்கும் என்ன வித்தியாசம் என்பதே அந்த அரைமணி நேரத்தில் காணாமல் போகிறது. இதன் மறுகோடியில் 1995-இல் 'தி சிம்ப்ஸன்ஸ்' தொடரில் நடந்த சச்சரவு. 'தி கிரிட்டிக்' என்ற இன்னொரு தொடரின் நாயகன் விருந்தாளியாக வரும் அத்தியாயம், அந்தத் தொடருக்கான விளம்பரமாகிவிடுகிறது என்று சொல்லி, சிம்ப்ஸன்ஸை உருவாக்கிய மேட் க்ரோனிங் அந்த அத்தியாயத்திலிருந்து தன் பெயரையே எடுத்துவிட்டார். அதிகாரபூர்வமான சந்திப்பு வணிகக் காரணத்துக்காகவே நடக்கிறது என்பதைத் தொழிலுக்குள்ளிருந்த ஒருவரே வெளிப்படையாகச் சொன்ன தருணம் அது. விதிவிலக்கும் உண்டு. நிக்கலோடியன் தொலைக்காட்சி தன் இரண்டு தொடர்களை இணைத்து 2004-இல் வெளியிட்ட 'ஜிம்மி டிம்மி பவர் அவர்' கதையில் தட்டையான ஓவியமாக இருக்கும் டிம்மி, முப்பரிமாண உலகத்துக்குள் வந்ததும் கனமும் நிழலும் பெறுகிறான். ஜிம்மி மறுபக்கம் போனதும் தட்டையாகிறான். இரண்டு தொடரும் ஒரே வீட்டுக்குரியவை என்பதால் இந்த விளையாட்டுக்கு இடமிருந்தது.

ரசிகர்களின் கைவேலை யூடியூபுக்கு வெகுமுன்பே தொடங்கியது. 1975-இல் கேண்டி ஃபாங் என்ற அமெரிக்க ரசிகை 'ஸ்டார் ட்ரெக்' படச்சட்டங்களை ஸ்லைடுகளாக்கி ஒரு பாட்டோடு சேர்த்துக் காட்டினார். ரசிகர் காணொளி மரபை ஆராய்ந்தவர்கள் அதையே தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறார்கள். 1982-இல் ஜிம் கபோஸ்டாஸ் இரண்டு வீடியோ ரிக்கார்டர்களை இணைத்து, 'ஸ்டார் பிளேஸர்ஸ்' என்ற ஜப்பானியக் கார்ட்டூனின் சண்டைக் காட்சிகளை பீட்டில்ஸ் குழுவின் அன்புப் பாடல் ஒன்றின் மேல் ஓடவிட்டார். ஜப்பானியக் கார்ட்டூன் இசைக்காணொளிகளுக்கு அதுவே முன்னோடி. வன்முறைப் படத்தையும் அமைதிப் பாட்டையும் மோதவிட்டதால் இரண்டிலும் இல்லாத ஓர் ஏளனம் அதில் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கருவி வெகு எளிமையானது, எண்ணம் கூர்மையானது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கருவிகளின் பெருக்கம்: ஃபிளாஷ் மென்பொருள், நியூகிரவுண்ட்ஸ் தளம், 2005-இல் தொடங்கிய யூடியூப், விளையாட்டுப் பாத்திரங்களைப் பொம்மைபோல் நிறுத்திப் படமெடுக்க உதவிய கேரிஸ் மாட், 2012-இல் வால்வ் நிறுவனம் இலவசமாகத் தந்த சோர்ஸ் ஃபிலிம்மேக்கர். கருவி கூடக்கூடக் காணொளியின் மெருகு கூடியது. எண்ணத்தின் கூர்மை அதே அளவில் கூடியதாகச் சொல்ல முடியாது.

ஒப்பந்தமின்மை என்னும் விடுதலை எங்கே நன்றாகத் தெரிகிறது என்றால், 2006-இல் நியூகிரவுண்ட்ஸில் தொடங்கிய 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் இசட்' தொடரில். ஆல்வின்-எர்த்வர்ம் என்ற புனைபெயரில் ஒருவர் செய்தது. நின்டெண்டோவின் மாரியோவும் சேகாவின் சோனிக்கும் 1990-களில் அமெரிக்கச் சந்தையில் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்த இரண்டு நிறுவனங்களின் முகங்கள். அவர்களை அவர் கையடக்க விளையாட்டுகளின் சிறு புள்ளிச்சித்திரங்களை வைத்தே ஒன்றுசேர்த்தார். இரண்டு தரப்பும் ஒரே வகைப் புள்ளிகளால் ஆனவை என்பதால் பார்வைக்கு ஒட்டுப்போட்டதுபோல் தெரியவில்லை. சண்டையின் இலக்கணத்தை 'டிராகன் பால் இசட்' தொடரிலிருந்து கடன் வாங்கினார். குதித்து மிதிப்பதே தொழிலாக இருந்த குள்ளக் குழாய்க்காரரும், ஓடுவதே இயல்பாக இருந்த முள்ளெலியும், தங்கள் சொந்த விளையாட்டில் ஒருபோதும் அறியாத தோல்வியையும் அச்சத்தையும் இந்தக் கதையில் அறிந்தார்கள். அடுத்த ஆண்டு, 2007-இல், இரண்டு நிறுவனங்களும் அதிகாரபூர்வமாகக் கைகோத்து வெளியிட்டது ஒரு ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டி. மாரியோவும் சோனிக்கும் அருகருகே நூறு மீட்டர் ஓடினார்கள், அவ்வளவுதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு எது சந்திப்பு, எது கைகுலுக்கல் என்று விளக்கவே வேண்டாம். அந்தத் தொடரைப் புதிதாக எடுக்க ரசிகர்களிடம் பணம் திரட்டியபோது, 2015-இல் நின்டெண்டோ தலையிட்டு அந்தப் பணத்திரட்டை நிறுத்தியது. ஒப்பந்தம் இல்லாத விடுதலைக்கு இருக்கும் எல்லை அது.

இதே விடுதலையை வீணாக்குவது எப்படி என்பதற்கும் சான்று பஞ்சமில்லை. இவனும் அவனும் மோதினால் யார் வெல்வார் என்ற கேள்வியே பெரும்பாலான கிராஸ்ஓவர்களை நடத்துகிறது. இதைக் கேலி செய்து 2005-இலேயே ஒரு ஃபிளாஷ் காணொளி வந்துவிட்டது: நீல் சிசியரெகாவின் பாட்டுக்குச் செய்யப்பட்ட 'அல்டிமேட் ஷோடவுன்'. காட்ஸில்லாவும் பேட்மேனும் எண்ணற்ற வீரர்களும் அடித்துக்கொண்டு விழ, கடைசியில் எஞ்சி நிற்பவர் குழந்தைகளுக்காகத் தொலைக்காட்சியில் சாந்தமாகப் பேசிவந்த மிஸ்டர் ராஜர்ஸ். கேள்வியின் அபத்தத்தை அதைவிட அழகாகச் சொல்ல முடியாது. ஐந்தாண்டு கழித்து வந்த 'டெத் பேட்டில்' தொடர் அதே கேள்வியைச் சிரிக்காமல் எடுத்துக்கொண்டு, பாத்திரங்களின் பலத்தைக் கணக்குப் போட்டுத் தீர்ப்பு வழங்கியது. அதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை ரசிகர்கள் தாமும் கணக்குப் போடத் தொடங்கினார்கள். பலத்தை எண்ணால் அளந்த உடனே பாத்திரம் மறைந்து எண் மட்டும் நிற்கிறது. திரைநேரத்தைச் சரிசமமாகப் பங்கிட்ட வழக்கறிஞர்களின் வேலையை, யாரும் கேட்காமலே, ரசிகர் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

சண்டைக்கு வெளியே, உணர்ச்சியை நம்பும் காணொளிகளில்தான் தொகுப்பு என்ற கலையின் உண்மையான சோதனை இருக்கிறது. 2012 வாக்கில் நான்கு படங்களை இணைக்கும் ஒரு பெரும் ரசிகர் கூட்டம் உருவானது: டிஸ்னியின் 'டேங்கில்ட்', பிக்சாரின் 'பிரேவ்', ட்ரீம்வொர்க்ஸின் 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்', 'ரைஸ் ஆஃப் தி கார்டியன்ஸ்'. டிஸ்னியிலிருந்து மனக்கசப்போடு வெளியேறிய ஜெஃப்ரி கட்ஸன்பெர்க் 1994-இல் கூட்டாளிகளோடு தொடங்கியது ட்ரீம்வொர்க்ஸ் என்பது நினைவிருந்தால், இந்தப் பாத்திரங்கள் ஒப்பந்தத்தின் வழியாகச் சந்திக்க எவ்வளவு வாய்ப்புக் குறைவு என்பது புரியும். 2013-இன் இறுதியில் 'ஃப்ரோஸன்' வந்ததும் 'கார்டியன்ஸ்' படத்தின் ஜாக் ஃப்ராஸ்டுக்கும் எல்சாவுக்கும் முடிச்சுப் போடும் காணொளிகள் பெருகின. இவற்றில் பலவற்றுக்கு மாஸ்க் போட்டு உருவத்தை வெட்டி ஒட்டும் வேலையே தேவையில்லை. எல்சா இடப்பக்கம் பார்க்கும் ஷாட்; அடுத்து ஜாக் வலப்பக்கம் பார்க்கும் ஷாட். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். சோவியத் இயக்குநர் லெவ் குலேஷோவ் 1910-களின் இறுதியில், ஒரு நடிகரின் மாறாத முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு அடுத்தடுத்து வைத்து, பார்ப்பவர் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் காண்பதைக் காட்டிய சோதனைதான் இது. திரைப்படக் கல்லூரியில் பாடமாக வைப்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே விமர்சகர் கண் போக வேண்டிய இடம் வெட்டு. பார்வைக்கோடு பொருந்துகிறதா, முகத்தில் உணர்ச்சி மாறும் கணத்தில் வெட்டினாரா, மாறி முடிந்தபின் வெட்டினாரா, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பவற்றைக் கேட்டாலே ஒரு தொகுப்பாளரின் தரம் தெரிந்துவிடும்.

ஆனால் பார்வை பொருந்தினால் மட்டும் சந்திப்பு நடந்துவிடாது. ஜாக்-எல்சா காணொளிகளில் பெரும்பகுதி இருவருக்கும் பனி வசப்படும், இருவர் முடியும் வெளிர்நிறம், இருவர் உடையும் நீலம் என்ற மேல்தோற்றத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டு படங்களையும் கவனமாகப் பார்த்தவருக்கு அடியில் வேறொன்று கிடக்கிறது. ஜாக், மெல்லிய பனிப்படலம் உடையவிருந்த ஏரியில் தன் தங்கையைக் காப்பாற்றிவிட்டுத் தான் மூழ்கி இறந்தவன். அதன் பிறகு முந்நூறு ஆண்டுகள் எவர் கண்ணுக்கும் தெரியாமல் திரிந்தவன். எல்சா, விளையாடும்போது தன் பனியாலேயே தங்கையைக் காயப்படுத்திவிட்டு, அதன் பிறகு எவர் கண்ணிலும் படக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டவள். தங்கைக்காகப் பனியில் உயிர்விட்டவனும் தங்கையைப் பனியால் காயப்படுத்தியவளும் சந்தித்தால் பேச எவ்வளவோ இருக்கிறது. பார்க்கப்பட வேண்டும் என்று ஏங்குபவனும் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அஞ்சுபவளும் எதிரெதிரே நிற்பதே ஒரு நாடகம். ஏரிக் காட்சியையும் சாத்திய கதவையும் அடுத்தடுத்து வைக்கும் ஒரு காணொளி, இரண்டு படத்தின் திரைக்கதையும் எட்டாத இடத்தைத் தொட்டுவிடும். காதல் பாட்டுக்கு இருவரையும் சுழலவிடும் காணொளி, ஓரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், சுவரொட்டியோடு நின்றுபோன ஒன்று. 'கார்டியன்ஸ்' வசூலில் ஏமாற்றி, ட்ரீம்வொர்க்ஸ் பெரும் நட்டக்கணக்கு எழுதக் காரணமான படம். அதன் நாயகன் ஒரு தலைமுறையின் மனத்தில் தங்கியதில் இந்த ரசிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

கார்ட்டூன் பாத்திரம் என்பது முகமும் குரலும் மட்டுமல்ல. உடலுக்கான ஒரு விதியும்கூட. டாம் பூனை நசுங்கித் தட்டாகி, அடுத்த ஷாட்டில் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். டிஸ்னி இளவரசி கீழே விழுந்தால் காயம் படும், செத்தும் போகலாம். இரண்டு விதிகளும் ஒரே காட்சியில் இருக்கும்போது எந்த விதி செல்லும் என்பதைத் தீர்க்காத காணொளி, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், உள்ளூர ஆட்டங்காண்கிறது. தமிழில் இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. டாம் அண்ட் ஜெர்ரி காட்சிகளுக்கு வடிவேலுவின் திரைப்பட வசனங்களைப் பொருத்தி நம் ஊர்ப் பையன்கள் செய்யும் துண்டுகளை வாட்ஸ்அப் வைத்திருக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். அவை ஏன் இவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன? டாமும் ஜெர்ரியும் பெரும்பாலும் பேசாத பாத்திரங்கள், ஆகவே குரலுக்கு இடம் காலியாக இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது உடலின் விதி. 'வின்னர்' படத்தின் கைப்புள்ள முதல் வடிவேலு ஏற்ற வேடங்களில் பாதி, வாய்ச்சவடால் விட்டு, அடி வாங்கி, அடுத்த காட்சியில் அதே சவடாலோடு திரும்பி வருபவை. டாமின் விதியும் அதுவே. அமெரிக்கப் பூனையும் மதுரைக் கலைஞரும் ஒரே இயற்பியலில் வாழ்கிறார்கள் என்பதை யாரோ ஒரு பெயர் தெரியாத தொகுப்பாளர் கண்டுகொண்டார். வெட்டுமில்லை, மாஸ்க்குமில்லை, ஒலிப்பட்டையை மாற்றியது மட்டுமே வேலை. ஆனால் அந்தப் பொருத்தத்தைப் பார்த்த பிறகு டாமின் தோல்வியில் ஒரு வீம்பும், வடிவேலுவின் உடம்பில் ஒரு கார்ட்டூன் இலக்கணமும் இருப்பது நமக்குப் புரிகிறது. இரண்டு பக்கமும் மாறிவிட்டன. இதற்கு மேல் ஒரு கிராஸ்ஓவரிடம் எதை எதிர்பார்ப்பது?

ஒலியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைசொல்பவர்கள் அதைத் தொடுவதே இல்லை. கிராஸ்ஓவர் காணொளிகளில் பெரும்பாலானவை ஏன் பாட்டின் மேல் ஓடுகின்றன? சோம்பலால் அல்ல. படத்திலிருந்து வசனத்தை மட்டும் பிரித்தெடுப்பது நீண்ட காலம் இயலாத காரியமாக இருந்தது. வசனத்தோடு பின்னணி இசையும் ஒட்டிக்கொண்டே வரும். இரண்டு படங்களின் வசனத்தை அடுத்தடுத்து வைத்தால் இரண்டு இசையும் வெட்டுண்டு காதில் உறுத்தும். ஐந்து ஸ்பீக்கர் ஒலிப்பதிவில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் இருக்கும் என்பதைக் கண்டுபிடித்து, அதை மட்டும் உருவி எடுத்தவர்கள் உண்டு. அத்தகைய தொகுப்பாளர் வெளிப்பார்வைக்குத் தெரியாத ஒரு பெரிய வேலையைச் செய்திருக்கிறார். அமெரிக்கக் காணொளிக் கலைஞர் ஜோனதன் மெக்கின்டாஷ் 2010-இல் வெளியிட்ட 'ரைட் விங் ரேடியோ டக்' இந்த வகையின் உச்சம். 1930-கள் முதல் 1960-கள் வரையிலான டிஸ்னிக் குறும்படங்களிலிருந்து துண்டுகளை எடுத்து, பிழைப்பு கெட்டு நொந்துபோன டொனால்ட் டக், கிளென் பெக் என்ற வலதுசாரிப் பேச்சாளரின் குரலை வானொலியில் கேட்டு மனம் கலங்குவதாக ஒரு கதை கட்டினார். பெக்கின் பேச்சு உண்மையானது. டொனால்டின் முன்கோபமும் டிஸ்னி தந்ததுதான். இரண்டையும் சேர்த்தபோது பிறந்த அரசியல் கேலி அவருடையது.

இனி மறுப்புகள். மெருகும் கலையின் ஒரு பகுதிதானே, ஓரம் பிசிறடித்தால் மாயம் கலைந்துவிடாதா என்பது முதலாவது. கலையும், மறுக்கவில்லை. ஆனால் எந்த மாயம் என்று பார்க்க வேண்டும். இரண்டு பாத்திரங்களும் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்று நம்பவைப்பதே நோக்கமாக உள்ள காணொளியில் பிசிறு பெருங்குறை. இரண்டு உலகங்களின் உரசலைக் காட்ட வந்த காணொளியில் அது பொருட்டே இல்லை. சில இடங்களில் உதவவும் செய்யும். யூடியூப் பூப் என்று அழைக்கப்படும் அபத்தத் தொகுப்புகள் பிசிறையே மொழியாக்கிக்கொண்டவை. தவிர, மெருகை வைத்து மதிப்பிடுவதன் அடித்தளமே இப்போது சரிந்துவிட்டது. ஒரு வரி எழுதினால் எந்த இரண்டு பாத்திரத்தையும் பிசிறில்லாமல் சேர்த்துத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. 2025 ஜூனில் டிஸ்னியும் யூனிவர்சலும் சேர்ந்து மிட்ஜர்னி நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுக்கும் அளவுக்கு அவை அந்த ஸ்டூடியோக்களின் பாத்திரங்களைப் பெருக்கியிருக்கின்றன. ஓரத்தின் சுத்தம் இனி உழைப்புக்கோ திறமைக்கோ சான்றாகாது. எந்தக் காட்சியை எந்தக் காட்சிக்குப் பக்கத்தில் வைப்பது என்ற தேர்வு மட்டுமே மிஞ்சுகிறது.

அடுத்த மறுப்பு கனமானது: இது திருட்டு, பிறர் உழைப்பில் குளிர்காய்வது. சட்டம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. வணிக நோக்கமில்லாத காணொளிகளுக்காக டிவிடியின் பூட்டைத் திறந்து சிறு பகுதிகளை எடுத்துக்கொள்ள, விமர்சனமோ கருத்துரையோ நோக்கமாக இருக்கும்பட்சத்தில், அமெரிக்க அரசு 2010-இல் விலக்களித்தது. அதே நாட்டில் 2020 டிசம்பரில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் டாக்டர் சூஸின் குழந்தைப் புத்தகத்தையும் 'ஸ்டார் ட்ரெக்'கையும் கலந்து செய்த ஒரு புத்தகம் நியாயப் பயன்பாடு ஆகாது என்றது. மூலத்தைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை, கலந்தது மட்டும் போதாது என்பது தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. அந்தப் புத்தகம் விற்பனைக்கானது, ரசிகர் காணொளி பெரும்பாலும் அப்படியல்ல; ஆனாலும் அந்தக் காரணம் விமர்சகருக்கும் உதவும். நம் நாட்டில் 1996-இல் கேரள உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற கம்யூனிஸ்ட் நாடகத்துக்கு எதிர்நாடகமாக, அதன் பாத்திரங்களையும் உரையாடல்களையும் எடுத்தாண்டு சிவிக் சந்திரன் எழுதிய நாடகத்தை, விமர்சன நோக்கமுள்ளது என்பதால் நீதிமன்றம் அனுமதித்தது. நீதிபதிகள் இரண்டு இடத்திலும் தேடியது ஒன்றையே: எடுத்தாண்டவர் மூலத்திடம் ஏதாவது பேசினாரா? நம் மரபுக்கும் இது புதிதல்ல. பாரதத்து அர்ச்சுனனைப் பாண்டிய நாட்டுக்கு இழுத்துவந்து அல்லியிடம் திண்டாடவிட்ட 'அல்லி அரசாணி மாலை' எவரிடமும் அனுமதி கேட்டு எழுதப்பட்டதல்ல. வில்வீரன் தந்திரக்காரனாகச் சுருங்கியதும், அரசி ஓங்கி நின்றதும் அந்தக் கதையில்தான்.

விடுதலை என்கிறீர்களே, அதன் விளைவை 2017-இல் பார்த்தோமே என்று கேட்பவர்கள் உண்டு. எல்சாவும் ஸ்பைடர்மேனும் ஊசி, கடத்தல், கர்ப்பம் போன்ற அருவருப்பான சூழல்களில் வரும் காணொளிகள் குழந்தைகளின் கண்ணில் பட்டு, பெரும் கண்டனம் எழுந்து, யூடியூப் ஏராளமான சேனல்களை நீக்கிய ஆண்டு அது. கண்டனம் முழுக்க நியாயமானது. ஆனால் அவற்றில் எல்சாவும் ஸ்பைடர்மேனும் பாத்திரங்களாகவே இல்லை. தேடலில் அகப்பட வேண்டிய பெயர்களாகவும், கைக்குழந்தையின் விரலை இழுக்க வேண்டிய வண்ணங்களாகவும் மட்டுமே இருந்தார்கள். எல்சாவின் இடத்தில் யாரை வைத்தாலும் அந்தக் காணொளிகளில் எதுவும் மாறாது. ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரை வைத்தால் கதை குலைகிறதா என்பது நல்ல சோதனை. மோசடிச் சேனல்களைப் போலவே, மெருகேறிய பல ரசிகர் காணொளிகளும் அதில் தோற்றுவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசி மறுப்பு இரக்கத்திலிருந்து வருவது. பெயர் மறைத்துச் செய்யும் சிறுவர் சிறுமியரை ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும்? இதற்கு அந்த ரசிகர்களின் வரலாறே பதில் சொல்கிறது. சிகாகோவில் 2002 முதல் 2018 வரை ஆண்டுதோறும் நடந்த விவிட்கான் என்ற ரசிகர் காணொளி மாநாட்டில், புதிதாகத் திரையிட்ட காணொளிகளை ஒவ்வொன்றாக எடுத்து விவாதிப்பதற்கென்றே தனி அமர்வு இருந்தது. ஜப்பானியக் கார்ட்டூன் இசைக்காணொளிகளைத் தொகுப்பவர்கள் ஒருவர் வேலையை ஒருவர் பல தலைப்புகளில் அலசி மதிப்பிட்டுக்கொண்டார்கள். விமர்சனத்தை விரும்பியவர்கள், அதற்கு அமைப்பே ஏற்படுத்திக்கொண்டவர்கள் இவர்கள். அவர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்புவது மரியாதையாகாது. மாறாக, யூடியூப் 2021 நவம்பரில் பிடிக்கவில்லை என்ற எண்ணிக்கையை மறைத்ததும், பார்வை எண்ணிக்கையே மதிப்பீடாக மாறியதும்தான் இவர்களுக்கு உண்மையில் தீங்கு செய்தன. எழுதுபவர் கவனிக்க வேண்டியது ஒன்றே: பேச்சு காணொளியைப் பற்றியதாக இருக்கட்டும், செய்தவரின் வயதையும் ரசனையையும் பற்றியதாக வேண்டாம்.

இந்தத் துறையில் சான்றுகள் வேகமாக அழிந்துகொண்டிருக்கின்றன. பதிப்புரிமைப் புகாரில் நீக்கப்பட்டவை, 2020-இன் கடைசி நாளோடு ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியபோது இயங்காமல் போனவை, மீட்டெடுக்க ஆளில்லாதவை என்று பட்டியல் நீளும். தமிழ்த் துண்டுகளின் நிலை இன்னும் மோசம். டாமுக்கு வடிவேலுவின் குரலை முதலில் பொருத்தியவர் யார் என்பது பதிவாகவில்லை. கைமாறிக் கைமாறி வரும்போது செய்தவர் பெயர் வெட்டப்பட்டு, பகிர்ந்தவர் முத்திரை மேலே ஏறிவிடுகிறது. திரைப்படத்தைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் இவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். குறை சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் செய்தவர் எந்தப் பெயரில் வெளியிட்டார், எந்தத் தேதியில், எந்தெந்தப் படங்களிலிருந்து எடுத்தார் என்ற மூன்றையும் கட்டுரையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.